பல வருடத் தூக்க மாத்திரையை முதிய வயதில் பத்திரமாக நிறுத்துவது: எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் தினமும் தூக்க மாத்திரை போட்டுவரும் பெரியவர் யாரும், இதைப் படித்த வேகத்தில் இன்று இரவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைத்தால் இருபது வருடப் பழக்கத்தைக்கூட விட முடியும்.

நான் மருந்தாளுநர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத்தான் தினமும் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இங்கே பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவர் என்பது அபூர்வம். சர்க்கரைக்குப் பொள்ளாச்சி, இதயத்துக்குக் கோயம்புத்தூர், காய்ச்சல் தலைவலிக்குச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரி, கண்ணுக்குப் பாலக்காடு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. தூக்க மாத்திரையும் அப்படித்தான்: யாரோ ஒருவர் எப்போதோ பத்து நாளைக்கு எழுதியது, யாரும் நிறுத்தச் சொல்லாததால் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். "கண்ணு, அந்த வெள்ளைப் பொடி மாத்திரை ஒரு அட்டை குடு" என்று கேட்கும் பாட்டிக்கு அதன் பெயரும் தெரியாது, எதற்காகத் தொடங்கியது என்பதும் நினைவிருக்காது.

எந்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறோம்

அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு ஆகியவை பென்சோடயசிபைன் வகை. எட்டிசோலமும் அதே போல வேலை செய்வதுதான். சோல்பிடெம், சோபிகுளோன் வேறு வேதிப்பொருள்கள் என்றாலும் மூளையில் பிடித்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒன்றே. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயசிபாக்சைடு 1960இல் விற்பனைக்கு வந்தது, டயசிபாம் 1963இல். தூக்கத்துக்கென்றால் இவற்றைச் சில நாட்கள், மிஞ்சினால் இரண்டிலிருந்து நான்கு வாரம் போடலாம் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை.

மூளையின் பரபரப்பை அடக்க காபா என்ற இரசாயனம் நம் உடம்பிலேயே இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் வேலையைக் கூட்டும். தினமும் வெளியிலிருந்து உதவி வந்தால் மூளை தன் பங்குக்கு அந்த அடக்கத்தை உணரும் திறனைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் கால் மாத்திரைக்குத் தூங்கியவருக்குப் பிறகு ஒன்று போட்டாலும் போதவில்லை. ஒரு நாள் மாத்திரை தவறினால் உடம்பு பதறுவதும், கண் மூடாமல் விடிவதும் இதனால்தான்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மாத்திரை போடாத அன்று தூக்கம் வராததைக் கண்டு "பாரு, இது இல்லாம எனக்குத் தூக்கமே இல்ல" என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அன்றைய தூக்கமின்மை பெரும்பாலும் மாத்திரை விலகுவதால் வருவது. பழைய நோய் திரும்பியதற்கு அது சாட்சி ஆகாது. மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கொடுத்தால் அதுவும் அடங்கும். நிறுத்த முயன்று தோற்றவர்களில் பலர் இந்த ஒரு தவறான கணக்கால்தான் தோற்கிறார்கள்.

வயதானவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து

வயது ஏறினால் கல்லீரல் மருந்தைச் சிதைக்கும் வேகம் குறையும். உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும். டயசிபாம் போன்றவை அதில் தேங்கும். ஐம்பது வயதில் காலையில் தெளிந்துவிட்ட அதே அளவு, எழுபத்தைந்தில் மறுநாள் மதியம் வரை தள்ளாட வைக்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுவது, இடுப்பெலும்பு முறிவது, பேர் மறப்பது, பகலில் நாற்காலியிலேயே தலை தொங்குவது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மறதி நோய் என்று பயந்து மருத்துவரிடம் அழைத்துவரப்படுபவர்களில் சிலருக்கு மாத்திரையைக் குறைத்ததுமே தெளிவு வருவதுண்டு.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023இல் புதுப்பித்தபோதும் இந்த மாத்திரைகள் அதில் இருந்தன. அறுபது தாண்டியவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்த ஒரு கட்டுரை 2005இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. தூக்க மாத்திரை கொடுத்த 13 பேரில் ஒருவருக்குத்தான் அதனால் தூக்கம் மேம்பட்டது. 6 பேரில் ஒருவருக்கு ஏதாவது பாதிப்பு வந்தது. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோரும் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வேலை: மருந்துப் பையைக் கவிழ்ப்பது

வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், தலையணைக்கு அடியில், பூஜை அலமாரியில், பயணப் பையில் இருப்பது உட்பட, ஒரு பாயில் கொட்டுங்கள். பேரப்பிள்ளை யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றின் அட்டையிலும் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதட்டும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர்; அது நமக்கு முக்கியமில்லை.

எல்லையோர வீடுகளில் இப்படிச் செய்யும்போது அடிக்கடி தெரிவது இரண்டு. ஒன்று, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். கோயம்புத்தூரில் எழுதிய குளோனசிபாம் ஒரு பெயரில், பாலக்காட்டில் எழுதிய அதே குளோனசிபாம் வேறொரு பெயரில். பெரியவர் இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருப்பார். இன்னொன்று, ஒளிந்திருக்கும் தூக்க மருந்து. மனச்சோர்வுக்கு எழுதும் எஸ்சிடலோபிராம் மாத்திரையில் குளோனசிபாமும் சேர்ந்திருக்கலாம். வயிற்றுப் பொருமலுக்கு வாங்கும் கிளிடினியம் மாத்திரையில் குளோர்டயசிபாக்சைடு இருக்கும். படபடப்புக்குக் கொடுக்கும் பிரொப்ரனலோலோடு அல்பிரசோலமோ எட்டிசோலமோ கூட்டாக வரும். அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசிபாக்சைடு சேர்ந்ததும் பரவலாக உண்டு. "நான் தூக்க மாத்திரையே போடறதில்ல, வயித்துக்கு மட்டும்தான்" என்று சொல்பவரின் பையிலும் இது இருக்கலாம்.

கூட்டு மாத்திரைகளை வெட்டிக் குறைக்கவே கூடாது. அப்படி வெட்டினால் கூடவே இருக்கும் பிரொப்ரனலோலும் எஸ்சிடலோபிராமும் குறைந்துவிடும்; அவற்றைத் திடீரென்று குறைப்பதில் தனி ஆபத்து உண்டு. மருத்துவர் முதலில் இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து எழுத வேண்டும்.

பட்டியலில் டிராமடால், டாபென்டடால், கோடீன் இருமல் மருந்து, நரம்பு வலிக்கான பிரிகாபலின் அல்லது கேபாபென்டின் இருந்தால் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். தூக்க மாத்திரையோடு இவை சேரும்போது மூச்சு மந்தமாகும்.

வீட்டில் வைத்துச் செய்யக் கூடாதவர்கள்

வலிப்பு நோய்க்காகவே குளோனசிபாமோ குளோபசாமோ போடுபவர்கள், முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், ஒரு நாளைக்குப் பல மாத்திரைகள் விழுங்கும் அளவுக்குப் போனவர்கள், கடுமையான மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பு மாத்திரையை விட்டபோது புத்தி பேதலித்தவர்கள், தற்கொலை எண்ணம் வந்தவர்கள்: இவர்களுக்கு மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ நேரடியாகப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் குறைக்க வேண்டியிருக்கும். தூக்கத்தில் கை கால் வீசிக் கத்தும் கோளாறுக்காகக் குளோனசிபாம் போடுபவர்களும் தாமாக அதைக் குறைக்க வேண்டாம். வலிப்புக்குப் போடுபவருக்கு அது தூக்க மாத்திரையே அல்ல. அவர் அதைத் தொடர வேண்டும்.

ஒரு மருத்துவர், ஒரு கடை

இத்தனை மருத்துவர்களில் யாரிடம் போவது? அடுத்த ஆறேழு மாதத்துக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை எளிதாகப் போய்வரக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். பேர்பெற்றவரைவிட அருகில் இருப்பவர் இதற்கு உதவுவார். கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்பாரோக்கிய மையத்திலோ கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அங்கே சொல்வார்கள். படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு பாலியேட்டிவ் நர்ஸ் (நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு தருபவர்) வந்துபோவது கேரளத்தில் வழக்கம், அவரிடமும் சொல்லிவையுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையோ கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ கைக்கெட்டும் தூரம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமும் பட்டியலைக் காட்டலாம். மலையாளம் பேசும் மருத்துவரிடம் போகும்போது, மொழி ஓடுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குறைப்புத் திட்டத்தில் ஒரு சொல் தப்பாகப் புரிந்தாலும் அளவு மாறிவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எந்த மருந்தில் தொடங்குவது, எத்தனை மில்லிகிராம் குறைப்பது, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, தொந்தரவு வந்தால் யாரைக் கூப்பிடுவது. இதைச் சீட்டிலேயே படிப்படியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, விற்பனையில் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான அரசின் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். சீட்டு இல்லாமல் தரக் கூடாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நாங்கள் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். குறைக்கும்போது உங்களுக்குச் சிறிய அளவு மாத்திரைகள் தேவைப்படும். சீட்டில் 0.5 என்று மட்டும் இருந்தால் நாங்கள் 0.25 தர முடியாது. அந்த அளவையும் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால், இரண்டாவது மருத்துவர் எழுதியதை அந்தக் கடைக்காரராவது கவனிப்பார்.

தூக்கம் ஏன் கெட்டது என்று தேடுங்கள்

இதைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் குறைத்தால் பாதியில் நின்றுவிடும். ராத்திரி மூன்று முறை சிறுநீருக்கு எழுபவருக்குப் புரோஸ்டேட்டோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுவதுகூடக் காரணமாகலாம். அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. தூக்க மாத்திரை அதை மோசமாக்கும். படுத்ததும் கால் குடைந்து அசைக்கத் தோன்றினால் இரும்புச் சத்து பார்க்க வேண்டும். முழங்கால் வலி, நெஞ்செரிச்சல், தோல் அரிப்பு, ஸ்டீராய்டு, ஆஸ்துமாவுக்கான தியோபிலின், தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனது என்று பட்டியல் நீளும். துணையை இழந்த துக்கமும், பிள்ளைகள் வெளிநாடு போன வெறுமையும் தூக்கத்தைத்தான் முதலில் தொடும். மனச்சோர்வாக இருந்தால் அதற்கென்று சிகிச்சை வேண்டும்.

குறைக்கும் முன்பே தூக்கத்தைச் சீர்செய்வது

2004இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்க மாத்திரைக்குப் பழகிய முதியவர்கள் 76 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். மாத்திரையை மட்டும் குறைத்தவர்களில் 48 சதவீதம் பேர் முழுமையாக விட்டார்கள். அதோடு தூக்கப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் பெற்றவர்களில் 85 சதவீதம். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் மாத்திரையின் அளவைக் குறைக்கவே வேண்டாம், வழக்கம்போலப் போடுங்கள். கீழே சொல்வதைப் பழகுங்கள்.

நம் வீடுகளில் கணக்கே இங்கேதான் தப்புகிறது. சாயங்காலம் ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை. இரண்டு மணிக்கு விழிப்பு வரும். "ராத்திரி ரெண்டு மணிக்கே முழிச்சிட்டேன், தூக்கமே இல்ல" என்பார்கள். எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேரம் ஆயிற்றே! மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் படுத்ததையும் சேர்த்தால் ஏழரை. அந்த வயதுக்கு அது போதுமான தூக்கம்தான். நேரம் மட்டும் தவறி நிற்கிறது. வயது கூடினால் ஆழ்ந்த தூக்கம் குறைவதும், நடுவில் விழிப்பு வருவதும் இயல்பு. முப்பது வயதுத் தூக்கத்தை எழுபத்தைந்தில் எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள். ராத்திரி எப்படிப் போனாலும் காலை ஐந்தரை என்றால் ஐந்தரை. எழுந்ததும் வாசலுக்கு வந்து வெளிச்சம் முகத்தில் படும்படி அரை மணி நேரம் நடங்கள், அல்லது திண்ணையில் உட்காருங்கள். படுக்கும் நேரத்தைப் பத்து, பத்தரை என்று தள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் நேரம் உண்மையில் தூங்கும் நேரத்தைவிட அரை மணி, முக்கால் மணி மட்டுமே கூடுதலாக இருக்கட்டும். ஆனால் எக்காரணத்துக்கும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம். எளிதில் விழக்கூடியவர்கள் ஆறுக்குக் கீழேயே போக வேண்டாம். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணிக்கு மேல் இல்லாமல். டீ, காப்பி மதியம் இரண்டோடு சரி.

படுத்து இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். செபமாலையோ கந்த சஷ்டிக் கவசமோ பழைய பாட்டோ எதுவும் சரி; செல்போன் மட்டும் வேண்டாம். கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். கடிகாரத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நடமாட்டம் தடுமாறும் பெரியவர் என்றால் எழுந்து நடக்க வேண்டாம், கட்டிலிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். கட்டிலிலிருந்து கழிவறை வரை சிறிய விளக்கு, வழியில் மிதியடியோ வயரோ இல்லாமல், கழிவறைச் சுவரில் பிடி: இவற்றைக் குறைக்கத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது

மார்ச், ஏப்ரலில் தொடங்காதீர்கள். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் யாருக்கும் தூக்கம் வராது. பழி மாத்திரைக் குறைப்பின் மேல் விழும். ஜூன் மழை விழுந்து ராத்திரி குளிர்ந்த பிறகு நல்ல காலம். கல்யாணம், அறுவைச் சிகிச்சை, வீட்டில் சாவு, சித்தூர் கொங்கன்படை போல வேட்டுச் சத்தத்தோடு விடியும் திருவிழா வாரம் எல்லாம் கழியட்டும்.

குறைக்கும் கணக்கு

அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிமுறை, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது; இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 2018இல் வந்த கனடா வழிமுறை முதியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு 25 சதவீதம், கடைசியில் 12.5 சதவீதம் என்கிறது. பத்து வருடம் போட்டவருக்கு நான் மெதுவான வழியைத்தான் விரும்புவேன். சீக்கிரம் முடிப்பதில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

குளோனசிபாம் 0.5 மில்லிகிராம் ராத்திரி ஒன்று போடுபவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் இதை 0.25 மாத்திரை இரண்டாக மாற்றி எழுதலாம். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் மொத்தம் எட்டுத் துண்டு. எட்டிலிருந்து ஏழு துண்டு, சில வாரம் கழித்து ஆறு, பிறகு ஐந்து என்று இறங்கலாம். ஒரு படிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் என்றால் மொத்தம் நான்கிலிருந்து எட்டு மாதம். முதல் துண்டைக் குறைத்தபோது போனது எட்டில் ஒரு பங்குதான். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது அது கால் பங்கு. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வரும்போது பாதியே போய்விடுகிறது. கடைசிப் படிகள் கடினமாக இருப்பது இதனால்தான். மனத் துணிவு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இவை மேலே சொன்ன 25 சதவீத எல்லையைத் தாண்டும் படிகள் என்பதால், இடையில் இன்னும் சிறிய படி எப்படி வைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே ஒரு படியில் ஆறு வாரம் நிற்கலாம். ஒரு நாள் இரண்டு துண்டு, மறுநாள் ஒன்று என்று மாற்றிப் போடச் சொல்வார்கள். குளோனசிபாம் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்குவதால் அது நடக்கும்.

அல்பிரசோலத்துக்கு அப்படி ஒன்று விட்டு ஒரு நாள் கூடாது. அது சீக்கிரம் இறங்கும் மருந்து. ஒரு ராத்திரி இல்லாவிட்டாலே உடம்பு பதறும். தினமும் ஒரே அளவில், இன்னும் சிறிய படிகளாகக் குறைக்க வேண்டும். சில மருத்துவர்கள் இதை நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு மாற்றிக் குறைப்பார்கள். முதியவர்களுக்கு டயசிபாம் தேங்கும் என்பதால் அந்த மாற்றத்தை வீட்டில் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டாம். சோல்பிடெம் பொதுவாகச் சுலபமாக விடும் என்றாலும் நாள்பட்டுப் போட்டிருந்தால் அதற்கும் படிகள் தேவை. எஸ்.ஆர்., சி.ஆர். என்று போட்டிருக்கும், மெல்ல மெல்லக் கரையும் மாத்திரைகளை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

வெட்டுவதற்குக் கடைகளில் மாத்திரை வெட்டும் சிறிய டப்பா கிடைக்கும். அரிவாள்மணையும் பிளேடும் வேண்டாம். துண்டுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. வாயில் கரையும் வகை மாத்திரை மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் உதிரும், அன்றன்றைக்கு வெட்டுங்கள். தினசரி காலண்டர் தாளில் எத்தனை துண்டு, எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று எழுதிவையுங்கள். மருத்துவருக்கு அதுதான் தேவைப்படும்.

என்ன வரும், எப்போது பயப்பட வேண்டும்

ஒவ்வொரு படி இறங்கியதும் சில நாள் தூக்கம் கலையும். கை லேசாக நடுங்கலாம், வேர்க்கலாம், நெஞ்சு படபடக்கலாம், சத்தமும் வெளிச்சமும் உறுத்தலாம், கெட்ட கனவு வரலாம், எரிச்சல் வரும். அல்பிரசோலம் என்றால் ஓரிரு நாளிலேயே தெரியும். நீண்ட நேரம் நிற்கும் மருந்து என்றால் ஒரு வாரம் கழித்துக்கூடத் தெரியலாம். தாங்கும்படி இருந்தால் அதே படியில் நில்லுங்கள். உடம்பு அடங்கிய பிறகு அடுத்த படி. "இன்னிக்கு மட்டும் ஒண்ணு சேத்துப் போட்டுக்கறேன்" என்று அளவை ஏற்றி இறக்குவது குழப்பத்தைத்தான் கூட்டும். தாங்கவே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு முந்தைய படிக்குப் போய்ச் சில வாரம் நின்றுவிட்டு மறுபடி சிறிய படியாக இறங்கலாம்.

வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, நெஞ்சுவலி, காய்ச்சலோடு கடும் நடுக்கம், சாக வேண்டும் என்ற பேச்சு: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். மன உளைச்சலுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம்.

வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேரும்போது நடக்கும் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கும் அவசரத்தில் தூக்க மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பெரியவர் ஊசிக் குழாயைப் பிடுங்குவார், இல்லாதவர்களோடு பேசுவார். வயதால் வந்த குழப்பம் என்று நினைத்துவிடுவார்கள். மருந்துப் பட்டியலின் ஒரு நகல் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மயக்க மருந்து கொடுப்பவரிடமும் காட்டுங்கள்.

கள்ளும் மற்ற மாற்றுகளும்

கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, தமிழ்நாட்டில் இல்லை; அதனால் மாலையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இங்கே வந்துபோவார்கள். சித்தூர் தென்னந்தோப்புகளின் கள் இங்கே பலருக்கு அன்றாடப் பானம். மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் கள்ளும் சாராயமும் தூக்கத்துக்கு மாற்று ஆகாது. அவையும் மூளையில் அதே காபாவின் வேலையைக் கூட்டுபவை. மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். தினமும் குடிப்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். மருத்துவரிடம் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மகள், மருமகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே என்று குளோர்பெனிரமினை நாடுவதும் வேண்டாம். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் அதில் வரும். அஸ்வகந்தாவோ வேறு லேகியமோ எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். தைராய்டு மாத்திரையோடு அஸ்வகந்தா சேராமல் போகலாம், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததும் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்துவைப்பது, சத்து மாத்திரையைத் தூக்க மாத்திரை என்று கொடுப்பது, இரண்டையும் செய்யாதீர்கள். உடம்பு பதறும்போது காரணம் தெரியாமல் அவர் படும் பயம் கொடுமையானது. உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். கனடாவின் கியூபெக்கில், மருந்துக் கடைகள் மூலமாக 65 வயதைத் தாண்டிய 303 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரையின் ஆபத்தையும் குறைக்கும் வழியையும் விளக்கும் கையேட்டை ஒரு பிரிவினருக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுவதும் விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். பெரியவர்களிடம் நேராகச் சொன்னால் அவர்களே முடிவெடுப்பார்கள். அதனால் "இதுக்கு அடிமையாயிட்டீங்க" என்று குத்திப் பேசாதீர்கள். மருத்துவர் எழுதியதைத்தான் அவர் போட்டார். துண்டுகளை எண்ணி வைக்க உதவுங்கள், மறதி இருந்தால் மாத்திரை டப்பா உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், இரவில் துணைக்கு அடுத்த அறையிலாவது படுங்கள். மாத்திரை குறைகிற மாதங்களில் அவர் வண்டி ஓட்ட வேண்டாம்.

எல்லோராலும் பூஜ்யத்துக்கு வர முடியாது. எட்டுத் துண்டிலிருந்து மூன்றில் வந்து நின்றவருக்கும் விழும் ஆபத்தும் பகல் மயக்கமும் குறைந்திருக்கும். அங்கே ஆறு மாதம் நின்றுவிட்டு மறுபடி பார்க்கலாம்.

நிறுத்திய பிறகு

கடைசித் துண்டையும் விட்ட பிறகு சில வாரம் தூக்கம் ஏறி இறங்கும். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மிச்ச அட்டைகளை "எதுக்கும் இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்ள வேண்டாம், தூக்கம் வராத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்க வேண்டாம். எப்படி அப்புறப்படுத்துவது என்று வாங்கிய கடையில் கேளுங்கள். நீங்கள் நிறுத்தியதை மற்ற எல்லா மருத்துவர்களிடமும், பொள்ளாச்சியிலும் கோவையிலும் பாலக்காட்டிலும், சொல்லிப் பழைய சீட்டுகளில் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். எப்போதாவது ஒரு மருத்துவர் வேறு காரணத்துக்காக மறுபடி எழுதினால், இதற்கு முன்னால் எத்தனை வருடம் போட்டீர்கள், எத்தனை மாதம் எடுத்து விட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு என்றும் கேட்டு, அந்த எண்ணிக்கையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள்.